உடைஞ்ச மாபிளும் ஒரு வாளித் தண்ணியும்

எங்கட வீட்டுக் கிணற்றுக்கும் பின்மதிலுக்கும் இடையில் ஒரு கும்பி இருக்கிறது. நான் ஏழாம் வகுப்புப் படிக்கேக்க அது முழங்கால் உயரம். ஓ/எல் எடுக்கேக்க இடுப்பளவு. இப்ப பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்காமலே அவவுக்குத் தெரியும். எல்லாம் உடைஞ்ச மாபிள். வெள்ளை, மண்ணிறம், நீலப்பூப் போட்டது, மரம் மாதிரிக் கோடு கீறினது. (கடையில் ரைல்ஸ் எண்டுதான் சொல்லுவினம். எங்கட ஊரில் பாதிப்பேருக்கு அது இன்னும் மாபிள்தான். உண்மையான மாபிள் கல்லை அப்பா தன்ர வாழ்க்கையில் இரண்டே இரண்டு வீட்டில்தான் பதிச்சிருக்கிறார்.)

அப்பா மாபிள் பதிக்கிற மேசன். முந்தி நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து இழுக்கிறவர். 2009க்குப் பிறகு ஏ9 பாதையால் லொறிகள் தாராளமாக வரத் தொடங்க, ஊரில் எல்லாருக்கும் மாபிள் ஆசை வந்தது. அப்பாவும் ஒரு கிறைண்டர் வாங்கினார். அண்டையில் இருந்து எங்கட சோறு, என்ர ரியூசன், தம்பியின்ர சைக்கிள் எல்லாம் அந்தக் கிறைண்டரில் இருந்து வந்ததுதான்.

இந்தத் தொழிலில் உடையிறதும் மிஞ்சுறதும் கணக்கிலேயே இருக்கிற விசயம். ஒரு அறையை அளந்துபோட்டு, பத்து வீதம் கூட வாங்குங்கோ எண்டுதான் அப்பா சொல்லுவார். சுவர் ஓரத்தில் வெட்டோணும், கதவு நிலையைச் சுத்தி வெட்டோணும், கொமட்டைச் சுத்தி வட்டமாய் வெட்டோணும். வெட்டின மற்றப் பாதி எங்கேயும் பொருந்தாது. அதை விடப் பெரிசு பழைய மாபிளைக் கிளப்புற வேலை. கனடாவிலயோ லண்டனிலயோ இருந்து வருகினம் எண்டால் ஆறு மாதத்துக்கு முதலே போன் வரும். பத்து வருசம்கூட ஆகாத, ஒரு கீறல் இல்லாத நிலத்தை உளி வைச்சுக் கிளப்பச் சொல்லுவினம். டிசைன் பழசாம். அப்பா ஒண்டும் சொல்ல மாட்டார். கூலி கூலிதான்.

கிளப்பினதை எங்க கொண்டுபோய்ப் போடுறது எண்டு எங்கட வீட்டில் ஒருத்தரும் பேசினதில்லை. நானும் கேட்டதில்லை, அந்தச் சிரமதானத்துக்குப் போகும்வரைக்கும்.

முதலாம் வருசம் இரண்டாம் செமிஸ்டர். பற்ச் பொடியள் பெட்டையள் சேர்ந்து ஒரு குளம் துப்புரவாக்கப் போனம். எங்கட வீட்டில் இருந்து சைக்கிளில் பத்து நிமிசத் தூரத்தில் இருக்கிற குளம். அந்த முறை ஆவணியில் நல்லா வத்திப்போய்க் கிடந்தது. வழுக்கையாறு எண்ட பேரில் மாரிக்கு மட்டும் ஓடுகிற ஒண்டைத் தவிர வேற ஆறில்லாத குடாநாடு இது. மழைத்தண்ணி நின்று, சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணறுகளுக்குப் போறதுக்குக் குளங்கள்தான் வழி. அதையெல்லாம் மைக் பிடிச்சுச் சொல்லிப்போட்டுத்தான் வேலையைத் தொடங்கினம். நான்தான் சொன்னது. பிளாஸ்ரிக் போத்தல் பொறுக்கிக்கொண்டு போகேக்க ஒரு பெடியன்ர கால் வெட்டுப்பட்டது. செருப்பையும் கிழிச்சுக்கொண்டு போன வெட்டு. ஏதோ ஒரு சில்லை இழுத்து எடுத்தான். "எந்த விசரன் இதைக் கொண்டுவந்து இங்க கொட்டினவன்?"

வெள்ளையில் நீலப்பூ. ஒரு மூலையில் மஞ்சள் மகரந்தம். எங்கட வீட்டுக் கும்பியில் அதே பூ இருக்கிறது. அப்பா அந்த வருசம் சித்திரையில் ஒரு பெரிய வீட்டுக் குசினியில் இருந்து கிளப்பினது.

நான் ஒண்டும் சொல்லேல்ல. பாண்டேஜ் தேடுற ஆள் மாதிரி அங்கால் போயிட்டன்.

இரவு சாப்பிடேக்கதான் கேட்டன். "நீங்களோ அப்பா குளத்துக்குள்ள கொட்டினது?"

அவர் பிட்டைப் பிசைஞ்சுகொண்டே சொன்னார். "அள்ளிக்கொண்டு போறதும் உங்கட பொறுப்பு எண்டு வீட்டுக்காரர் சொல்லிப்போட்டினம். லாண்ட்மாஸ்ரர் காசும் என்ர கூலிக்குள்ளதான். குப்பை எடுக்கிற ரைக்ரர் இதை ஏத்தாது. எங்கட வளவுக்குள்ளயும் இனி இடமில்லை. நான் எங்க கொண்டுபோக, பிள்ளை?"

அதுக்கு மேல் அந்தக் கதையை நாங்கள் இரண்டுபேரும் எடுக்கேல்ல.

நான் படிக்கிறது வரலாறு. தொல்லியல் பாடமும் எடுத்திருக்கிறன். அந்தப் பாடத்தில் முக்கால்வாசி நேரம் உடைஞ்ச பானை ஓட்டைப் பற்றித்தான். கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் குழி வெட்டினபோது வந்தது, ஆனைக்கோட்டையில் வந்தது எண்டு கறுப்பு சிவப்பு மட்பாண்டத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கண் பழகிப்போச்சு. மரம் உக்கும், துணி உக்கும், இரும்பு கறள் பிடிச்சுக் கரையும். சுட்ட மண் மட்டும் இரண்டாயிரம் வருசம் தாண்டியும் அப்பிடியே கிடக்கும். வெயிலில் காயவைச்ச களிமண்ணைத் தண்ணிக்குள் போட்டால் திரும்பவும் சேறு. ஒருக்காச் சுட்டிட்டால் பிறகு அது களிமண்ணாகத் திரும்பாது. மாபிள் சுடுகிற சூடு பானை சுடுகிற சூட்டை விடக் கூட, ஆயிரம் பாகைக்கு மேல. அப்ப அந்த நீலப்பூவும் எங்கட பேரப்பிள்ளைகளின்ர பேரப்பிள்ளைகளுக்குப் பிறகும் அந்தக் குளத்தடியில்தான் கிடக்கும். அசைன்மென்ற் எழுதேக்க இதை நினைச்சு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயித்தைப் பிரட்டவும் செய்தது.

இப்ப மச்சாளிட்ட வருவம். மாமாவின்ர மகள், பொறியியல் பீடத்தில் கடைசி வருசம். போன தை மாதம் வீட்டுக்கு வந்தவள், எங்கட கும்பியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நான் வெட்கப்பட்டு வேற கதையை எடுக்கப் பார்க்க அவள் விடேல்ல. அவளின்ர குழுவின் புறொஜெக்ற்றே இதுதானாம்: கருங்கல் சல்லிக்குப் பதிலாக உடைஞ்ச செரமிக்கைப் போட்டுக் கொங்கிறீற். "நாங்கள் இதைத் தேடி ஊர் ஊராய்த் திரியிறம். நீ என்னடி எண்டால் மதிலுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருக்கிறாய்."

கொங்கிறீற் எண்டால் சீமெந்து எண்டுதான் நான் நினைச்சிருந்தன். அதின்ர கொள்ளளவில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு சல்லியும் மணலும்தானாம். சீமெந்தும் தண்ணியும் அதுகளை ஒட்ட வைக்கிற பசை. யாழ்ப்பாணத்தில் கிண்டினால் வாறது சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் 1950இல் இருந்து 1990 வரைக்கும் அந்தக் கல்லைத்தான் தோண்டிச் சீமெந்து செய்தது. அந்தக் கிடங்குகள் இன்னும் கிடக்கு. ஆனால் உறுதியான கருங்கல் எங்களிட்ட இல்லை. வன்னியில் மலையை வெடி வைச்சு உடைச்சு, ஆனையிறவு தாண்டி லொறியில் ஏத்திக்கொண்டு வரோணும். அங்க ஒரு மலை குறையுது, இங்க ஒரு குளம் நிரம்புது. மச்சாள் இதைச் சாதாரணமாச் சொன்னாள். எனக்கு அந்த நீலப்பூ ஞாபகம் வந்தது.

புதுசான யோசனை எண்டும் இல்லை. ரோமர்கள் பானையோட்டையும் செங்கல்லையும் இடிச்சுச் சுண்ணாம்போடு கலந்து தண்ணித்தொட்டிகளுக்குப் பூசியிருக்கினம். இந்தியாவில் செங்கல் தூளுக்குச் சுர்க்கி எண்டு பேர். 1895இல் முடிஞ்ச முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையில் கட்டினதுதான். வங்காளதேசத்தில் பெரும்பகுதி ஆத்து வண்டல், கல் குறைவு. அங்க செங்கல்லைச் சுட்டு, பிறகு அதையே உடைச்சுச் சல்லியாக்கிக் கொங்கிறீற் போடுகினம். றோட்டோரத்தில் இருந்து சுத்தியலால் செங்கல் உடைக்கிற பெண்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பியள். ஸ்பெயினில் உடைஞ்ச கொமட், வாஷ்பேசின்களை இடிச்சுச் சல்லியில் 20, 25 வீதத்துக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்து, உறுதி குறையேல்லை எண்டு எழுதியிருக்கினம்.

அந்தச் சனிக்கிழமை மச்சாளும் இன்னும் இரண்டு பேரும் உரபாக்குகளோடு வந்திட்டினம். நான் சும்மா பார்த்துக்கொண்டு நிக்கிற ஆளாய்த்தான் தொடங்கினன். மத்தியானத்துக்குள் என்ர கையிலும் சுத்தியல். துண்டுகளை ஈரச்சாக்குக்குள் போட்டு, மேலால் அடிக்கோணும். ஈரச்சாக்கு எண்டது அவளின்ர கண்டிப்பு. வெறுமையா அடிச்சால் சில்லுப் பறந்து கண்ணில் விழும், தூசியும் எழும்பும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கு, வருசக்கணக்காச் சுவாசிச்சால் நுரையீரல் தழும்பாகிப்போம், அதுக்குச் சிலிக்கோசிஸ் எண்டு பேர், மாத்த மருந்தில்லை எண்டாள். சொல்லிப்போட்டு டக்கெண்டு நிப்பாட்டினாள். அப்பா எத்தினை வருசமாய்க் காய்ஞ்ச மாபிளைக் கிறைண்டரால் வெட்டுறார் எண்டு அவளுக்கும் தெரியும். அவருக்கு அது இருக்கெண்டு ஒரு டொக்டரும் சொல்லேல்ல. ஒரு டொக்டரிட்டையும் காட்டவும் இல்லை. விடியக்காலமையில் இருமுவார், அவ்வளவுதான்.

உடைச்சு, 20 மில்லிமீற்றர் அரிதட்டில் அரிச்சு, கருங்கல்லில் நாலில் ஒரு பங்குக்குப் பதிலாக எங்கட சில்லைப் போட்டு, முற்றத்திலேயே சின்னதாக ஒரு கலவை கலந்து பார்த்தினம். கலவை சவளுக்குப் பிடி குடுக்கேல்ல. காய்ஞ்ச பிட்டுமா மாதிரி நிண்டது. ஒருத்தன் கொஞ்சம் தண்ணி விட்டான். பத்து நிமிசத்தில் திரும்பவும் காய்ஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்சம் விட்டான். "விடாதை, விடாதை" எண்டு மச்சாள் கத்தினாள். தண்ணி கூடினால் கொங்கிறீற்றின் உறுதி குறையும்.

அப்பா வேலையால் வந்து, மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு, ஹெல்மெற்றைக் கழட்டாமலே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நிண்டார்.

"என்ன பிள்ளையள், சுவருக்குப் பதிக்கிறதையும் நிலத்துக்குப் பதிக்கிறதையும் ஒண்டாப் போட்டு இடிச்சிட்டியளோ?"

"எல்லாம் செரமிக்தானே மாமா."

அவர் ஒண்டும் பேசாமல் போய் ஒரு வாளியில் தண்ணி அள்ளிக்கொண்டு வந்தார். கும்பிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து, வாளிக்குள் போட்டார். நீலப்பூத்தான். பின்பக்கத்தால் குமிழி குமிழியாய் வந்துகொண்டே இருந்தது. சோடா உடைச்ச மாதிரி. பிறகு மண்ணிற நிலமாபிள் ஒண்டைப் போட்டார். சத்தமில்லாமல் அடியில் போய் இருந்தது. ஒரு குமிழி இல்லை.

"சுவர் மாபிளை ஊறவைக்காமல் பதிச்சால் அது சாந்தில இருக்கிற தண்ணியை இழுத்துப்போடும். ஒரு வருசத்தில கழண்டு விழும். நாங்கள் முதல்நாளே வாளிக்குள்ள போட்டு, குமிழி நிண்டாப்பிறகுதான் எடுக்கிறது. உங்கட கலவையிலயும் அதுதான் தண்ணியைக் குடிக்குது."

மச்சாள் வாளியையே பார்த்துக்கொண்டு நிண்டாள். நீர் உறிஞ்சல் எண்டால் என்ன எண்டு அவளுக்குத் தெரியாமல் இல்லை. அளந்துமிருக்கிறாள். ஆனால் அளந்தது முதல் கொண்டுபோன மூட்டையில், அதில் முழுக்க நிலமாபிள். இண்டைக்கு இடிச்சது வேற மூட்டை. சர்வதேசத் தரத்திலேயே இரண்டும் வேற வேற இனமாம்: போர்சலின் நிலமாபிள் தன்ர நிறையில் அரை வீதத்துக்கு மேல் தண்ணி உறிஞ்சக்கூடாது, சுவர் மாபிள் பத்து வீதத்துக்கு மேல் உறிஞ்சும். ஒரே கும்பியில் கிடந்ததால் நாங்கள் ஒரே சாமான் எண்டு நினைச்சிட்டம்.

அதுக்குப் பிறகு அப்பா முகம்கூடக் கழுவேல்ல. பின்பக்கத்தில் பழைய சீமெந்து ஒட்டியிருக்கிற துண்டுகளை வேறாக்கச் சொன்னார், அதைத் தட்டி எடுக்காட்டில் பிடிப்பு இருக்காது. மினுங்குற பக்கத்தில் சாந்து ஒட்டாது எண்டார். (மச்சாளின்ர புத்தகத்திலும் அதுதான் இருக்காம், கிளேசிங் வழுக்கு எண்டு.) தட்டையான சில்லுகள் அடுக்கடுக்காய்ப் படுத்து, கீழே தண்ணி தேங்கும் எண்டு அவள் சொல்ல, "அப்ப சாக்கில படுக்கப்போட்டு அடிக்காதையுங்கோ, நிப்பாட்டி அடியுங்கோ, சதுரமா உடையும்" எண்டு அவர் அடிச்சுக் காட்டினார். இரண்டு பேரும் இரண்டு பாசையில் ஒரே விசயத்தைக் கதைச்சுக்கொண்டிருந்தினம். நான் இடையில் பிளேன்ரீ ஊத்தின ஆள்.

போகேக்க மச்சாள் மூட்டைகளில் மார்க்கரால் 'செரமிக் கழிவு 1', 'செரமிக் கழிவு 2' எண்டு எழுதினாள். அப்பா அதை வாசிச்சார்.

"கழிவெண்டு ஏன் எழுதினனி?"

அவள் முழிச்சாள். புறொஜெக்ற்றின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கு. அப்பா கோபத்தில் கேக்கேல்ல, சும்மாதான் கேட்டார். பிறகு தானாகவே தொடங்கினார். 2017இல் வலிகாமம் வடக்கில் எங்கட காணி விடுபட்டு நாங்கள் பார்க்கப் போன கதை. எனக்கும் ஞாபகம் இருக்கு, அப்ப பதினாலு வயசு. வீடு இல்லை. பத்தைக்குள் அத்திவாரமும், அப்பப்பா இழுத்த சிவப்புச் சீமெந்து நிலத்தின்ர துண்டுகளும், கொஞ்ச ஓட்டுத் துண்டும் கிடந்தது. அப்பா மூண்டு நாள் நிண்டு அதையெல்லாம் பொறுக்கி லாண்ட்மாஸ்ரரில் ஏத்தி, இப்ப நாங்கள் இருக்கிற வீட்டின் அத்திவாரத்துக்குள் போட்டு நிரப்பினவர். "அப்ப ஒருத்தரும் அதைக் கழிவெண்டு சொல்லேல்ல. நாங்களும் சொல்லேல்ல." அவ்வளவுதான் சொன்னார். எங்கட விறாந்தைக்குக் கீழ என்ன இருக்கெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

மச்சாள் மார்க்கரை எடுத்து 'கழிவு' எண்டதை வெட்டிப்போட்டு, 'சுவர்', 'நிலம்' எண்டு எழுதினாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாய்ச் சொல்லுறன். அவையள் 15 சென்ரிமீற்றர் பெட்டி அச்சுகளில் கொங்கிறீற் ஊத்தி, தண்ணிக்குள் வைச்சு, 7 நாளிலும் 28 நாளிலும் மெசினில் நசிச்சுப் பார்த்தினம். பிரிக்காமல், ஊறவைக்காமல் போட்டது கெதியில் நொருங்கிப்போச்சு. பிரிச்சு ஊறவைச்சது சாதாரணக் கொங்கிறீற்றுக்குக் கிட்டப் போய் நிண்டது. மச்சாள் போனில் கத்தின கத்து அம்மம்மாவுக்கும் கேட்டது. மேல்மாடிப் பிளேட்டுக்கும் தூணுக்கும் இதைப் போடச் சொல்லி அவளே சொல்ல மாட்டாள். அதுக்கு இன்னும் கனக்கப் பரிசோதனை வேணும். நடைபாதை, மதில் அத்திவாரம், கக்கூஸ் கிடங்கு மூடி, இதுகளுக்குத் தாராளம்.

இன்னொண்டையும் சொல்லோணும். இதால் உலகம் தப்பிடும் எண்டு நான் எழுத வரேல்ல. கொங்கிறீற்றில் சூழலுக்குப் பெரிய கெடுதல் சீமெந்தாலதான். உலகத்தில் வெளியேறுற காபனீரொக்சைட்டில் கிட்டத்தட்ட எட்டு வீதம் சீமெந்து உற்பத்தியால். சல்லியை மாத்தினால் அது குறையாது. செரமிக்கை மா மாதிரி அரைச்சால் சீமெந்தில் கொஞ்சத்துக்குப் பதிலாகப் போடலாம் எண்டு மச்சாள் சொல்லுறாள். ஆனால் அரைக்கிற மெசின் ஆரிட்ட இருக்கு, கரண்ட் காசு ஆர் கட்டுறது? 2022இல் ஆயிரம் ரூபாய்ச் சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டபோது அப்பா நாலு மாதம் வேலையில்லாமல் இருந்தவர். அப்ப ஆராவது மெசினோடு வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

குளத்தில் கொட்டினதும் அப்பிடியே கிடக்கு. அதை அள்ளுவமோ எண்டு ஒருநாள் கேட்டன். தண்ணி வத்தட்டும், பாப்பம் எண்டார். கால் வெட்டுப்பட்ட பெடியனுக்கு நான் இன்னும் சொல்லேல்ல. அவன் இதை வாசிப்பான். சொறி மச்சான், அது எங்கட அப்பா.

வைகாசியில் கிணற்றடியில் இருந்து குசினிக் கதவு வரைக்கும் ஒரு நடைபாதை போட்டம். அம்மம்மா மாரியில் இரண்டு தரம் வழுக்கி விழுந்த இடம். ஒரு தாச்சி சீமெந்து, இரண்டு தாச்சி மணல், மூண்டு தாச்சி கருங்கல், ஒரு தாச்சி எங்கட சில்லு. சில்லை முதல்நாள் இரவே நான் வாளிகளில் ஊறப்போட்டன். விடிய எழும்பிப் போய்ப் பார்க்க ஒரு குமிழியும் இல்லை. அப்பா சாந்தகப்பையால் மட்டம் இழுத்துப்போட்டு, காய முதல் தும்புத்தடியால் குறுக்காக் கோடு கீறினார், அம்மம்மாவுக்குக் கால் வழுக்காமல். ஒரு இடத்தில் நீலப்பூவின்ர மூலை ஒண்டு மேல தெரிஞ்சது. அமத்திப் பார்த்தார், போகேல்ல. விட்டிட்டார்.

நேற்று பின்னேரம் லாண்ட்மாஸ்ரர் வந்து நிண்டது. சுவிஸ்காரர் ஒருத்தரின்ர பாத்றூம் கிளப்பின வேலை. அப்பா மூட்டைகளை இறக்கினார். அரைவாசி மூட்டையின் வாய் வெள்ளைக் கயித்தால் கட்டியிருந்தது, அரைவாசி நீலக் கயித்தால். நீலம்தான் சுவர் எண்டார்.